கைக்கு வந்த நாழிகை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, போர்மேற் சென்ற அரசனது பாசறையைக் காட்டுமிடத்து, பொழுதை அளந்தறியும் நாழிகைக் கணக்கரையும் உடன் காட்டுகின்றது. சிறிதளவு நீர் கொண்ட கன்னல் ஒன்றே அவர்தம் கருவி. அதனை நோக்கியிருந்து, சென்ற பொழுது இத்துணை என்று அவர்கள் அரசனுக்கு அறிவிப்பர். பாசறையிலே எண்ணிறந்த வீரர் துஞ்சியும் விழித்தும் கிடப்பினும், நாழிகை சொல்லப்படுவது ஒருவனுக்கே. காலத்தை அறிதல் என்பது பண்டு அதிகாரத்தின் ஒரு கூறாகவே இருந்தது.

அப்பாசறைக்கும் இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆயினும் பொழுது சொல்லும் முறையிலே பெருமாற்றம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டதன் பின்னர் மலைகள்தோறும் பரந்த அப்பயிர், தன்னோடு ஒரு கால ஒழுங்கையும் கொண்டுவந்தது. விடியுமுன் தப்பு முழங்கும். சில தோட்டங்களிலே கொம்பு ஊதப்படும். மணிக்கூடு துரையின் பங்களாவிலும் தொழிற்சாலையிலும் இருந்தது; லயத்துக் காம்பராவை எட்டியதோ அதன் பெயரால் எழுப்பப்பட்ட ஓசை மட்டுமே. தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள மடக்கும்பரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984), தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இயற்றிய நெடும்பாட்டிலே வைகறைத் தப்பொலிக்கு இடமளித்தமை தற்செயலானதன்று. அவ்வொலி அங்கு வெறும் ஒலியன்று. ஒரு நாளின் ஆணை.

பெரட்டுக்களத்திலே ஆள் எண்ணப்படும் வேளைக்குப் பிந்தியவருக்கு அன்றைய பேர் இல்லை, அன்றேல் அரைப்பேர்தான். கொழுந்து நிறுக்கும் வேளை, உணவுக்கு இறங்கும் வேளை, மலையை விட்டுக் கலையும் வேளை ஆகிய அனைத்தும் பிறர் கையிலுள்ள மணிக்கூட்டிலிருந்தே பிறந்தன. கதிரவனைப் பார்த்துப் பொழுதறியலாமே எனின், லிந்துலையின் ஆனி, ஆடி மாதங்களை அறியாதவரே அவ்வாறு கூறுவர். தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்திலே நாட்கணக்காகக் கதிரவன் முகம் காட்டுவதில்லை. காலையும் மாலையும் ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும். அவ்வேளையிலே கூடையைச் சுமந்து நிற்கும் பெண்ணுக்குப் பொழுது என்பது கங்காணி சொல்வதே.

இந்நிலையை மாற்றியது ஒரு சட்டமுமன்று, ஒரு போராட்டமுமன்று. சட்டைப் பொத்தானிலும் சிறியதாகிய ஒரு மின்கலம் அதனை ஓசையின்றி மாற்றியது. அதன் வரலாற்றை எழுதுவார் இல்லை. ஆயினும் லிந்துலைக் கடைத்தெருவிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் நின்று பார்ப்பவர்க்கு அவ்வரலாறு தானே புலனாகும்.

ஹற்றனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவும் அக்கரப்பத்தனைக்குச் செல்லும் கிளைத்தெருவும் பிரியும் இச்சிற்றூரிலே, கடையொன்றின் படியோரத்தில் கண்ணாடிப் பெட்டியொன்றை வைத்துக்கொண்டு கடிகாரம் திருத்துபவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். ஒரு கண்ணிலே பொருத்திய உருப்பெருக்கி. கையிலே ஊசிமுனைச் சாமணம். ஞாயிறு தோட்டங்களுக்கு ஓய்வுநாள் ஆகையால் அன்றே அவருக்கு வேலை மிகுதி. அன்று அவர்முன் வந்து நின்றவர் ஓய்வுபெறும் வயதை அண்மித்த ஒரு கொழுந்துத் தொழிலாளி. அவரது முந்தானையைப் பற்றியவண்ணம் நாலு வயதுப் பேரன் ஒருவன்.

“தம்பி, இந்த மணிய கொஞ்சம் பாருங்க. ஓடுது, நிக்கிது, மறுபடி ஓடுது. செவ்வாக்கெழம இத நம்பிப் போயி பெரட்டுக்குப் பிந்திட்டேன். திருப்பி அனுப்பிட்டாங்க.”

“எப்பக்கா பற்றரி போட்டீங்க?”

“தீவாளிக்கு மின்ன. வேற ஒரு எடத்துல. வெல கம்மின்னு போட்டேன்.”

அவர் கடிகாரத்தின் முதுகைத் திறந்தார். உள்ளே இருந்தது 626 எனும் அளவுடைய கலம். விட்டம் 6.8 மில்லிமீற்றர், உயரம் 2.6 மில்லிமீற்றர். ஓர் அவரை விதையினும் சிறிது. அச்சிறு பொருளின் சோர்வினாலே ஒரு மனிதரின் ஒருநாட் கூலி போயிற்று என்பது எண்ணுதற்குரியது.

அக்கலத்தின் தன்மையைச் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். கடைகளிலே ‘வாட்ச் பற்றரி’ என ஒரே பெயரால் வழங்கப்படும் பொத்தான் மின்கலங்கள் ஒரே இனத்தவையல்ல. அவற்றின் முகத்திலே பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகளே அவற்றின் குலத்தை அறிவிப்பன. ‘எல்.ஆர்.’ என்று தொடங்குவது காரக் கலம். இதன் எதிர்முனை நாகத்தூள், நேர்முனை மங்கனீசீரொட்சைட்டு, இரண்டுக்கும் இடையே பொற்றாசியமைதரொட்சைட்டு எனும் காரக் கரைசல். ‘எஸ்.ஆர்.’ என்று தொடங்குவதிலே மங்கனீசீரொட்சைட்டின் இடத்தை வெள்ளியொட்சைட்டு பெறுகின்றது. வடிவிலும் அளவிலும் இரண்டும் ஒன்றே. ஒன்றன் இருக்கையிலே மற்றொன்று அமையும். வேறுபாடு நடத்தையிலேயே உண்டு. வெள்ளிக் கலம் தன் 1.55 உவோற்று அழுத்தத்தை இறுதிநாள் வரை ஏறத்தாழ மாறாது காத்துப் பின்னர் திடீரென ஓய்ந்துவிடும். காரக் கலமோ 1.5 உவோற்றில் தொடங்கி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இறங்கிச் செல்லும்.

கடிகாரத்துக்கு இவ்வேறுபாடு பெரிது. குவாட்ஸ் கடிகாரத்தினுள்ளே மெல்லிய படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் எஞ்சுவது ஒன்று. அதுவே ஒரு நொடி. அவ்வொரு நொடிக்கு ஒருமுறை சிறு மின்னோடி முள்ளை ஒரு படி தள்ளுகின்றது. கலத்தின் அழுத்தம் தாழும்போது அத்தள்ளுகை வலுவிழந்து, முள் சில படிகளைத் தவறவிடுகின்றது. கடிகாரம் முற்றாக நின்றுவிடின் அதன் குறை வெளிப்படை. எவரும் அதனை நம்பார். தவறியும் ஓடியும் நடிக்கும் கடிகாரமே மனிதரை ஏமாற்றுவது. அன்றியும், குளிரில் கலத்தினுள் நிகழும் வேதித்தாக்கம் மந்தமாகும். தை மாதப் பனியிலே இரவு முழுவதும் சன்னற் பலகைமேற் கிடக்கும் கடிகாரத்தில், சோர்ந்த காரக் கலம் மேலும் சோர்வதில் வியப்பில்லை.

“வெள்ளிப் பற்றரி ஒன்னு இருக்கு. வெல கூடத்தான். ஆனா நம்பலாம்க்கா.”

அவர் சற்றுச் சிந்தித்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். “ஒருநாள் பேரு போனதுக்கு இது பெரிசா? போடுங்க.”

இவ்வொரு சொல்லிலே ஒரு பொருளியற் பாடம் அடங்கியுள்ளது. விலை குறைந்த பொருளின் முழு விலையும் கடையிலே கொடுக்கப்படுவதில்லை. எஞ்சியது பெரட்டுக்களத்திலே கொடுக்கப்படுகின்றது. வறியவர் அப்பொருளையே நாடவேண்டியுள்ளமையால், மீண்டும் மீண்டும் கொடுப்பவரும் அவர்களே.

எனினும் இக்கலங்கள் மலிந்திராவிடின் அக்கடிகாரம் அவர் கைக்கு வந்தேயிராது. உலகின் முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரம் 1969 ஆம் ஆண்டு நத்தார் நாளன்று தோக்கியோவிலே சீக்கோ நிறுவனத்தால் விற்பனைக்கு விடப்பட்டபோது, அது செல்வரின் அணிகலனாகவே இருந்தது. சிறுகலத்தின் முன்வரலாறோ போரோடு பிணைந்தது. 1942 இல் சாமுவேல் ரூபன் என்னும் அமெரிக்கர் ஆக்கிய இரசக்கலம் இரண்டாம் உலகப்போரின் களக்கருவிகளுக்குப் பயன்பட்டது. 1950 களிலே லூயி அறி என்னும் கனடியர் நெடுநாள் உழைக்கும் காரக் கலத்தை அமெரிக்காவிலே உருவாக்கினார். போர்க்களத்துக்கும் செல்வர்க்கும் உரியனவாக இருந்த இக்கருவிகள், இரு தலைமுறைக்குள்ளே மலிந்து, திருவிழாக் கடைகளிலே குவிந்து, ஒரு கொழுந்துத் தொழிலாளியின் மணிக்கட்டிலே வந்து அமர்ந்தன. பாசறை வேந்தனுக்கு மட்டும் சொல்லப்பட்ட நாழிகை, இவ்வாறே லயத்துக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது.

இன்று கைத்தொலைபேசியிலும் மணி தெரியுமே என்று கேட்கலாம். தெரியும்தான். ஆனால் இரு கைகளும் கொழுந்தில் இருக்க, மழை முதுகிலே வழிய, இடுப்பிலே படங்கு சுற்றிய நிலையில், நனைந்த விரலால் தொலைபேசியை எடுத்துப் பார்ப்பார் யார்? மணிக்கட்டைத் திருப்பினால் போதும் என்னும் வசதியை மலை இன்னும் கைவிடவில்லை.

கடிகாரம் மட்டுமன்று. எல்.ஆர். 44 எனப்படும் சற்றே பெரிய காரக் கலம் சிறு கணிப்பான்களிலே இடம்பெறுகின்றது. மூடுபனியில் ஒளிக்கலம் சோர்ந்தபோதும் அக்கணிப்பானை இயங்கவைப்பது அதுவே. அத்தொழிலாளியின் மூத்த பேத்தி உயர்தரம் பயில்பவள். மாத இறுதியிலே சம்பளத் துண்டு வந்ததும், அம்மாயி தன் சிற்றேட்டிலே குறித்துவைத்த கிலோக்களை அவள் கூட்டிப் பார்ப்பாள். பேரையும் கழிவையும் ஒப்பிடுவாள். ஒருமுறை இரண்டு தொகைகளும் ஒவ்வாதிருக்க, அம்மாயி துண்டுடன் கணக்கப்பிள்ளையிடம் சென்றார். அடுத்த மாதம் அது திருத்தப்பட்டது. சண்டையில்லை, கூக்குரலில்லை. எழுதப்பட்ட எண்ணின்முன் இன்னோர் எண் வைக்கப்பட்டது, அவ்வளவே. முன்னைய தலைமுறையிலே கணக்கு என்பதும் பொழுதைப் போலவே பிறர் கையில் இருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எல்.ஆர். 41 எனும் இன்னொரு கலம் காய்ச்சல் பார்க்கும் கருவியினுள் இருக்கின்றது. இரவிலே பிள்ளைக்கு உடல் சுடும்போது, விடியும்வரை காத்திருக்கலாமா, இப்பொழுதே ஊர்தி பிடிக்க வேண்டுமா என்னும் முடிவை எடுக்க அது துணைசெய்கின்றது. ஊர்தி எளிதில் வாராத தோட்டத்துப் பிரிவுகளிலே அம்முடிவின் கனம் பெற்றோர் அறிவர்.

இவ்வளவு நன்மை செய்யும் பொருளுக்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. அன்று அப்படியிலேயே அது வெளிப்பட்டது.

கழற்றிய பழைய கலம் கண்ணாடிமேல் உருண்டது. மின்னும் அதனைப் பேரன் கண்டான். பாக்கென நினைத்தானோ, இனிப்பென நினைத்தானோ, கையை நீட்டினான். திருத்துபவர் அதுவரை காட்டாத விரைவோடு அவன் கையைப் பற்றிக்கொண்டார். பின்னர் அக்கலத்தை ஒட்டுநாடாவினால் இருபுறமும் மூடிச் சுற்றி, பக்கத்திலிருந்த ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடியை இறுக்கினார்.

“இதுக்கெல்லாம் எதுக்குங்க தம்பி ஒட்டுறீங்க? செத்த பற்றரிதானே?”

“செத்தது மணிக்குத்தான்க்கா. பிள்ளைக்கு இன்னும் சாகல.”

சில ஆண்டுகளுக்குமுன் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே நிகழ்ந்ததை அவர் கூறினார். திருவிழாவிலே வாங்கிய ஒளிரும் விளையாட்டுப் பொருளொன்று உடைந்தது. உள்ளிருந்த வட்டை மூன்று வயதுப் பெண்பிள்ளை விழுங்கிவிட்டாள். காசுதானே, தானே போய்விடும் என்று வீட்டார் இரவைக் கழித்தனர். காலையில் உமிழ்நீரும் இறங்கவில்லை. பிள்ளை பிழைத்தாள், ஆயினும் பலமாதம் திண்பொருள் எதனையும் அவளால் உண்ண இயலவில்லை. அன்று தொடங்கியதே இந்தப் போத்தல்.

அவர் கூறியது அறிவியலுக்கு ஒத்ததே. இக்கலம் தீங்கு செய்வது உடைந்து காரம் ஒழுகுவதனால் மட்டுமன்று. உணவுக்குழாயின் ஈரமான சுவரிலே கலம் ஒட்டிக்கொள்ளும்போது, இரு முனைகளுக்குமிடையே உடலினூடாக மின் பாய்கின்றது. எதிர்முனையருகே ஐதரொட்சைட்டு எனும் காரம் அங்கேயே பிறந்து தசையை எரிக்கின்றது. இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடும் புண் உண்டாகலாம். ‘சி.ஆர். 2032’ போன்ற இலிதியக் கலங்கள் இவற்றுள் மிகக் கொடியவை. விட்டம் 20 மில்லிமீற்றர், அழுத்தம் 3 உவோற்று ஆகையால் சிறுபிள்ளையின் உணவுக்குழாயிலே தங்கி நின்று விரைந்து எரிக்கும். கருவியை இயக்க ஆற்றாத பழைய கலத்திலும் தசையை எரிக்கும் ஆற்றல் எஞ்சியிருக்கும். மூக்கிலோ காதிலோ செருகிக்கொண்டாலும் ஆபத்து ஒன்றே.

ஆகவே, விழுங்கியதாக ஐயம் தோன்றிய அக்கணமே வைத்தியசாலைக்குப் புறப்படல் வேண்டும்; லிந்துலை வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ, எது விரைவில் எட்டுமோ அதற்கு. வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. பிள்ளை ஒரு வயதைக் கடந்ததாயும், விழுங்கிப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகாததாயும், விழுங்க இயல்வதாயும் இருப்பின், வழியிலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் வீதம் ஆறு முறைவரை கொடுக்கலாம் என 2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின் பின் மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. வேறு உணவோ நீரோ கூடாது. தேன் இங்கு மருந்தன்று. காரத்தின் வேகத்தைச் சற்றுத் தணிப்பது. தேனைத் தேடிப் புறப்பாட்டைப் பிற்போடலும் ஆகாது. ஊடுகதிர்ப் படத்திலே காசு ஒற்றை வளையமாகவும் கலம் இரட்டை வளையமாகவும் தோன்றும். அவ்வேறுபாட்டை மருத்துவர் கண்டுகொள்வர். ஆனால் அவர்முன் பிள்ளையைக் கொண்டு நிறுத்தவேண்டியவர் வீட்டாரே. கடிகாரத்தை நம்பிப் பெரட்டுக்குப் பிந்தியவருக்கு ஒருநாட் கூலி போயிற்று. இங்கே பிந்துபவருக்குப் போவது அதுவன்று.

போத்தல் முக்காற் பங்கு நிறைந்திருந்தது. “நெறஞ்சா இத யாருக்கிட்டங்க தம்பி குடுப்பீங்க?” என்று அவர் கேட்டார். திருத்துபவரிடம் மறுமொழியில்லை. லிந்துலைக் கடைத்தெருவிலே இவற்றைப் பெற்றுக்கொள்ளும் பெட்டி எதுவும் இருப்பதாக அவர் அறிந்ததில்லை. குப்பையில் இட மனமில்லை. ஓடையில் எறிய அறவே மனமில்லை. ஆதலால் போத்தல் அங்கேயே இருக்கின்றது.

மிகைப்படுத்திக் கூறுதல் முறையன்று. ஒரு காரக் கலம் நீரிலே வீழ்ந்தமையால் ஓர் ஆறு நஞ்சாகிவிடாது. எனினும் பழைய காலத்துக் கலங்களிலே நாகத்தின் அரிப்பைத் தடுக்கச் சிறிதளவு இரசம் சேர்க்கப்பட்டது, அவ்விரசம் அழிவதில்லை. யப்பானின் மினமாட்டா நகரத்து மீனவர் இரசத்தால் அடைந்த துன்பத்தின் பெயரையே தாங்கி 2013 இல் எழுந்த பன்னாட்டு உடன்படிக்கை 2017 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இரசம் சேர்த்த காரப் பொத்தான் கலங்களை ஆக்குவதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும் 2020 உடன் நிறுத்தப்படல் வேண்டும். ஆயினும் அதற்கு முன்னர் விற்கப்பட்டு, லயத்து ஓரங்களிலும் கான்களிலும் எறியப்பட்டவற்றைத் திரும்ப எடுப்பார் எவரும் இலர்.

அக்கான்களின் நீர் எங்கே செல்கின்றது? லிந்துலையின் ஓடைகள் கொத்மலை ஓயாவிற் கலக்கின்றன. தலவாக்கலையிலே அந்த ஓயாவை மறித்தே 150 மெகாவாற்று வலுவுள்ள மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியது. அதனைக் கடந்து கொத்மலை நீர்த்தேக்கத்தை நிறைத்து, மகாவலியோடு சேர்ந்து, கம்பளையைத் தாண்டிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தை அணைந்து ஓடுவதும் அந்நீரே. மலைநாட்டின் பேராறு நாட்டுக்கு மின்சாரம் அளிக்கின்றது. அம்மலையில் வாழ்வோர் கையிலிருக்கும் மிகச்சிறு மின்சாரத்தின் எச்சமும் அதே ஆற்றின் வழியிலே கிடக்கின்றது. பல்கலைக்கழகத்தின் பாலத்திலே நின்று மகாவலியை நோக்குபவர்க்கு லிந்துலை தொலைவிலுள்ள ஊரன்று.

காலத்தையும் கணக்கையும் உழைப்பவர் கைக்குக் கொண்டுவந்த ஒரு பொருளை வேண்டாமென்று ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. அதன் ஆபத்தை அறியச் செய்வதும், இறந்த கலத்துக்கு ஒரு வழி காண்பதுமே செய்யத்தக்கவை. ஒவ்வொரு பீடத்திலும் ஒரு பெட்டி வைத்தல் அரிதன்று. விடுமுறைக்கு மலைநாட்டுக்குப் புகையிரதம் ஏறும் மாணவர், திரும்பும்போது இத்தகைய போத்தல்களை நாடாச் சுற்றியபடியே வாங்கிவந்து அப்பெட்டியிற் சேர்த்தலும் அரிதன்று. அங்கிருந்து முறையாகக் கழிவு கையாளுவோரிடம் அவற்றை ஒப்படைக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்றல் வேண்டும். பிள்ளைகள் விழுங்கும் ஆபத்தைப் பற்றிய ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம், எளிய தமிழில், பிள்ளைக் காம்பராச் சுவர்களிலே ஒட்டப்படல் வேண்டும். அதனை எழுத ஒரு மாலைப்பொழுது போதும்.

அன்று புதிய கலத்தோடு கடிகாரம் ஓடத் தொடங்கியது. திருத்துபவர் தம் மணியைப் பார்த்து முள்ளைச் சரிசெய்து கொடுத்தார். அவர் அதனைக் காதருகே வைத்துக் கேட்டார். பின்னர் மணிக்கட்டிற் கட்டி, அதன்மேற் சேலையின் நுனியை இழுத்து மூடிக்கொண்டார். பேரனின் கையைப் பற்றியபடி அக்கரப்பத்தனைப் பேருந்தை நோக்கி நடந்தார்.

“பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்காம்மாயி?” என்று பேரன் கேட்டான்.

அவர் எவரையும் கேட்கவில்லை. சேலை நுனியை விலக்கிப் பார்த்தார்.

“பத்து நிமிசம் இருக்குய்யா. மெதுவா போகலாம்.”